பிள்ளைக்காம்பராவில் இருந்த பால்மா டின்

என் பால்மா டின்னை நீதான் எடுத்தாய்.

எடுத்ததை நீ களவு என்று நினைக்கவில்லை. 'விரிவாக்கம்' என்று மைக்கில் சொன்னாய். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். அதனால் நானும் எல்லோருக்கும் கேட்கும்படியே இதை எழுதுகிறேன்.

வாசிக்கிறவர்களுக்கு நாம் யாரென்று சொல்ல வேண்டும். நாம் இரண்டு பேரும் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. கணக்கில் நான் உன்னைவிடக் கெட்டி. உயர்தரம் படிக்க உனக்கு நாவலப்பிட்டியில் ஒரு சித்தி வீடு இருந்தது. எனக்கு இல்லை. நீ அங்கே போனாய், பிறகு கண்டிக்குப் போனாய். இப்போது காசநோய் ஒழிப்புத் திட்டம் ஒன்றுக்கு இணைப்பாளர். நான் ஹேவாஹெட்டக் கடைவீதியில் ஒரு ஃபார்மசியில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன்.

எனக்கு உன் மேல் பொறாமை. இதை நீ பின்னால் போய் நாலு பேரிடம் சொல்ல வேண்டியதில்லை, நானே எழுதிவிட்டேன். உன் சேலை மேல் பொறாமை. சிங்களத்திலும் இங்கிலீஷிலும் மாறி மாறிப் பேசும் உன் வாய் மேல் பொறாமை. ஜீப்பிலிருந்து இறங்கினால் நீ கதவைச் சாத்துவதில்லை, திரும்பிப் பார்க்காமல் நடந்து போவாய். டிரைவர் இறங்கி வந்து சாத்துவார். அதன் மேல்கூடப் பொறாமை.

ஆனால் டின் என்னுடையது.

கொழுந்து பறிக்கிற பிள்ளை ஒருத்தி. இரண்டு வயதில் ஒரு பெண்குழந்தை. புருஷன் கொழும்பில் கடையில் வேலை. அவள் என்னிடம் இருமல் சிரப் வாங்க மூன்று தடவை வந்தாள். நாலாவது தடவை வந்தபோது கழுத்தெலும்பு சட்டைக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது.

"அக்கா, அந்தச் செவப்பு மருந்து இன்னொண்ணு தாங்க."

"தரமாட்டேன்."

"காசு கொண்டாந்திருக்கேன்கா."

"காசக் கொண்டுபோய் உண்டியல்ல போடு. மூணு போத்தல் குடிச்சும் நிக்காத இருமலு, நாலாவது போத்தலுக்கா நிக்கப்போவுது? ஆஸ்பத்திரியில சளி குடுத்துப் பாரு."

"ஆஸ்பத்திரிக்குப் போனா பேரு போயிருமேக்கா."

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்போம். பிந்திப் போனால் அரைப்பேர், போகாவிட்டால் ஒன்றுமில்லை. அவள் சொன்னது எனக்கு விளங்கியது. என் அம்மாவும் அப்படித்தான் காய்ச்சலோடு மலையேறினார்.

அதனால் நான் ஆள் தேடினேன். உன் பாஷையில் சொன்னால் கூட்டாளிகள். முதலில் முச்சக்கரவண்டிக்காரத் தம்பியைப் பிடித்தேன். விடியற்காலைச் சளியை அவள் இருக்கிற லயத்து வரிசை வீட்டிலிருந்து எடுத்து ஆஸ்பத்திரியில் கொடுக்க வேண்டும் என்றேன்.

"மீன் ஏத்தியிருக்கேன், கோழி ஏத்தியிருக்கேன். சளி ஏத்துனதில்லக்கா."

"மூடி இறுக்கிப் பூட்டியிருக்கும்டா. ஒன் வாய விட சுத்தம்."

சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டான். போத்தலை வைக்கப் பெட்டி வேண்டும். எதிர்க்கடை நாநாவிடம் கேட்டேன். "ஐஸ் போட்டு மீன் வந்த ரெஜிபோம் பெட்டியொண்டு சும்மா ஈக்கி மகள்," என்றார். "கழுவித் தாறன். அல்லாவுக்காகத் திருப்பி மட்டும் தர வாணாம்."

சளியில் காசநோய்க் கிருமி இருந்தது. குழந்தையையும் சோதித்தார்கள், அதற்கு ஒன்றுமில்லை. முதல் வாரங்களில் அவள் வீட்டிலேயே இருந்தாள். தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா லயத்துக்கே போய் மாத்திரை கொடுத்தார். இனி யாருக்கும் தொற்றாது, வேலைக்குப் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான் சிக்கல். மாத்திரை ஆறு மாதம், ஒரு நாளும் விடக்கூடாது, விழுங்குவதை ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். எங்கே பார்ப்பது? டிஸ்பென்சரி வாசலில் தினமும் நின்றால் லயமே கேட்கும்.

பிள்ளைக்காம்பரா எனக்குத்தான் தோன்றியது. வேலைக்குப் போகிற தாய்மார் காலையில் பிள்ளைகளை விட்டுப் போகிற இடம். அவள் எப்படியும் தினமும் அங்கே போக வேண்டும். குழந்தையை உள்ளறைத் தொட்டிலில் கிடத்தப் போகிறவள் அங்கேயே மாத்திரையை விழுங்கிவிட்டு வரட்டும். அங்கே பிள்ளைகளைப் பார்க்கிற ஆயம்மா பார்த்து அட்டையில் கோடு போடட்டும். டிஸ்பென்சர் ஐயாவோடு இரண்டு நாள் சண்டை போட்டுச் சம்மதிக்க வைத்தேன். மாத்திரை வைக்க நாநா கடையிலிருந்து ஒரு வெற்று டின் வாங்கிக் கழுவிக் காயவைத்தேன். நீலநிற டின், மூடியில் ஒரு நெளிவு. ஆயம்மா அதைப் பிள்ளைகளுக்கு எட்டாத மேல்தட்டில் வைத்தார். அதற்குள் டொபி இருக்கிறதென்று நினைத்து அதுகள் அண்ணாந்து பார்க்குமாம்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தாய் பிள்ளைக்காம்பராவுக்குள் ஏன் போகிறாள் என்று எந்தத் தோட்டத்திலும் யாரும் கேட்பதில்லை. அவளுக்குக் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது.

அப்போதுதான் நீ வந்தாய். ஃபார்மசி முன்னால் ஜீப் நின்றது. நான் பிளேன்டீயும் பனிசும் வாங்கிக் கொடுத்து, உட்காரக் கதிரை போட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்றால், நீ கண்டியில் யாரிடமாவது "இது என் கூட்டாளி செய்தது" என்று சொல்வாய் என்று நினைத்தேன். நீ கொப்பியில் எழுதிக்கொண்டாய். "சூப்பர்டி" என்றாய்.

கண்டிக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. ஃபார்மசியில் லீவு கேட்டு, பஸ் ஏறி, மார்க்கட் பக்கம் இறங்கி நடந்து வந்தேன். பெரிய மண்டபம். தோட்ட நிர்வாகங்கள், பஸ்காரர் சங்கம், வர்த்தகர்கள், கோயில் தலைவர்கள், பள்ளிவாசல் ஆட்கள், நெஞ்சுநோய் டாக்டர்மார். இத்தனை பேரை ஒரே கூரைக்குக் கீழ் உட்கார வைக்க என்னால் முடியாது. அது உன் கெட்டிக்காரத்தனம்தான், இல்லையென்று சொல்லவில்லை. பெரிய டாக்டர் எழுந்து உனக்குக் கதிரையை இழுத்துவிட்டார். பிறகு திரையில் என் டின்னின் படம் வந்தது. மூடியில் இருந்த நெளிவுகூடத் தெரிந்தது.

"ஒரு தோட்டத்தில் தானாக உருவான முயற்சி," என்றாய்.

தானாக! கை தட்டினார்கள். நானும் தட்டினேன், பக்கத்து ஆள் பார்த்ததால்.

அன்றே டின் போய்விட்டது. கூட்டாளிகள் ஒவ்வொருவருக்கும் வெளியில் தெரிகிற மாதிரி ஒரு வேலை வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள் என்றாய். பிள்ளைக்காம்பரா உள்ளறையில் யார் படம் எடுப்பது? அதனால் பெரட்டுக்களத்தில், காலையில் எல்லோரையும் வேலைக்குப் பிரித்துவிடுகிற அந்தத் திடலில், ஒரு மேசை. நிர்வாகம் மேசை கொடுத்தது, வர்த்தகர்கள் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தார்கள், கோயில் குத்துவிளக்குக் கொடுத்தது. வேலைக்கு ஒரு நிமிஷமும் பிந்தாது என்று தோட்டத்தை நடத்துகிற துரைக்குச் சந்தோஷம்.

திறப்பு விழாவில் நீ செய்த பிழையை நம் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். நமக்குத்தான் மேடை என்று ஒன்று போட்டால் அதில் ஏறுகிற எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தியாக வேண்டும். துரைக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று, கோயில் தலைவருக்கு, நாநாவுக்கு, வண்டிக்காரத் தம்பிக்குக்கூட ஒன்று. கடைசியில், "தைரியமா சிகிச்சை எடுக்கிற நம்ம சகோதரிக்கும் ஒன்னு போடுவோம்" என்று நீ அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாய். பெரட்டுக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும், கூடையோடு, சரிகைக் கரை வைத்த பொன்னாடையில் அவள் நின்றாள். அவளும் சிரித்தாள் என்று நீ பிறகு சொன்னாய்.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். தட்டில் எத்தனை பொன்னாடை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு இருந்தது. பிறகு ஒன்று. பிறகு தட்டை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

அன்று பின்னேரமே தண்ணீர் பிடிக்கிற பீலியில் அவள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். மலையில் அவளுக்குப் பக்கத்து நிரை காலியாக இருந்தது. அவளிடமிருந்து இனி யாருக்கும் தொற்றாது என்று மைக்கில் டாக்டர் சொன்னார்தான். பொன்னாடையைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு அது எங்கே கேட்டது? உனக்கும் லயம் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் பாயைத் தள்ளிப் போடுகிற இடம். நீ அங்கேதான் பிறந்தாய், மறந்துவிட்டாய்.

கொஞ்ச நாளில் அவள் மேசைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். வேறு வழியால் மலைக்கு ஏறினாள். மேசைக்குப் பொறுப்பான பொடியன் வருகிறாள் என்றே அட்டையில் கோடு போட்டான். வெறும் கோட்டுக்கும் கண்டிக் கணக்குத் திரையில் பச்சை நிறம்தான் காட்டுமாம்.

எனக்கு எப்படித் தெரிந்தது? அவள் மறுபடியும் என் கவுண்டருக்கு வந்தாள்.

"இருமலு இல்லக்கா. தொண்டதான் கரகரங்குது. அந்தச் செவப்பு மருந்து ஒண்ணு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தரமாட்டேன் என்று சொல்வதற்காகவே வந்தவள் மாதிரி நின்றாள். எனக்கு எல்லாம் விளங்கியது. உன் மேசை சரிந்துவிட்டது என்று விளங்கியது. என் நெஞ்சுக்குள் சீனி போட்ட மாதிரி இருந்தது.

போத்தலை எடுத்துக் கொடுத்தேன். மிச்சக் காசையும் கொடுத்தேன்.

ஒன்பது நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் நீ திரையில் பச்சைக் கோடு காட்டும்போது எழுந்து சொல்லலாம் என்று வைத்திருந்தேன். என்ன சேலை கட்டுவது என்றுகூட யோசித்தேன்.

பத்தாம் நாள் ஆயம்மா ஃபார்மசிக்கு வந்தார். கவுண்டரில் கையை அடித்தார்.

"அந்தப் புள்ள மாத்திர திங்கிறதில்லன்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

நான் பில் கட்டை எடுத்து அடுக்கினேன்.

"தெரியும். ஒன் மூஞ்சியிலயே தெரியுது. அவ மைக்குக்குச் சாகுறா, நீ பொன்னாடைக்குச் சாகுற. நடுவுல அந்தப் புள்ள நெசமாவே செத்துருவா. அப்ப ரெண்டு பேருமா வந்து மால போடுங்கடி."

அன்றே லயத்துக்குப் போனேன். பொன்னாடை யன்னலில் திரைச்சீலையாகத் தொங்கியது. அவள் எழுந்து வாங்க என்று சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அது எனக்குப் பழக்கமில்லாத வேலை, சரியாக வரவில்லை.

"நீங்க அன்னைக்கு ஏசுவீங்கன்னு நெனச்சேன்கா," என்றாள். அவ்வளவுதான்.

டிஸ்பென்சர் ஐயாவிடம் ஓடினேன். மாத்திரை மேசையில் மட்டும்தான் கொடுக்கலாம், குழு முடிவு, மாற்றுவதென்றால் நீ கையெழுத்து வைக்க வேண்டும் என்றார். உனக்குப் போன் எடுத்தேன்.

"நீ இன்னும் அந்த டின்னயே புடிச்சுக்கிட்டு இருக்கியா?" என்றாய். "எல்லாரும் சேந்து எடுத்த முடிவுடி. ஒருத்திக்காக மாத்த ஏலாது. உண்மையச் சொல்லு, ஒனக்குப் பொறாம."

"ஆமாடி, பொறாமதான். அதுக்கும் அவ மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?"

"அடுத்த கூட்டத்துல பேசுவோம்," என்று வைத்துவிட்டாய்.

இப்போது வண்டிக்காரத் தம்பி தினமும் விடிய அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், மாத்திரை விழுங்க வைத்துக் கூட்டி வருகிறான். தினமும் அரைப்பேர் போகிறது. இப்படி எத்தனை நாள் முடியும் என்று அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. சளியை மறுபடியும் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரவில்லை. விட்ட நாட்களில் கிருமி மருந்துக்கு மசியாமல் முற்றியிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம், இன்னும் பலமான மருந்தோடு.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எம்பேரப் போடாட்டி எழுதுங்கக்கா. எல்லாருக்குந்தான் தெரிஞ்சுபோச்சே. டின்னுன்னா திம்பேன். மேசைன்னா போகமாட்டேன்," என்றாள்.

அடுத்த கூட்டத்துக்கு நான் வருவேன். பழைய சேலையில் வருவேன். முதலில் எழுந்து, அந்தச் சிரப் போத்தலை எடுத்துக் கொடுத்தது நான்தான், ஒன்பது நாள் வாயை மூடியிருந்ததும் நான்தான் என்று சொல்வேன். ஃபார்மசி வேலை போனால் போகட்டும்.

பிறகு நீ எழும்பு. கொப்பியை மூடு, திரையை அணை. அவளை மேடைக்குக் கூப்பிடாதே, யாருக்கும் பொன்னாடை போர்த்தாதே. துரை, டாக்டர், நாநா, கோயில் தலைவர் எல்லோரும் இருக்கும்போதே மைக்கைப் பிடித்துச் சொல். பெரட்டுக்களத்து மேசையை எடுத்துவிட்டு டின்னைப் பிள்ளைக்காம்பராவில் திரும்ப வைக்கக் கையெழுத்துப் போடுவாயா, மாட்டாயா? குழு முடிவு என்று சொல்லாதே, உன் முடிவைச் சொல். தமிழில் சொல், சிங்களத்திலும் சொல், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்.