கருமாதிக்குக் கொடுத்த எழுத்து

பழிவாங்கினால் மனம் ஆறாது என்று சொல்கிறவர்கள் சரியாகப் பழிவாங்கியதில்லை என்பது என் கட்சி. எனக்கு ஆறியது. என் அக்காவின் கணவரை, நான் வாய் நிறைய மாமா என்று கூப்பிட்ட மனிதரை, நான் வரைந்த எழுத்தைக் கொண்டே படுக்கவைத்தேன். அந்த எழுத்து எப்படிப் பிறந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நானும் தெருப் பெண்கள் சிலரும் ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தோம். எல்லோர் வீட்டு ஆண்களுக்கும் மில் வேலை. மில் ஓடினால் ஓடும், நின்றால் நிற்கும். அதனால் பத்தியை நம்பித்தான் உலை வைத்தோம். கரித்தூள், பசைமாவு, சந்தனத்தூள் எல்லாம் பிசைந்து, பலகைமேல் குச்சியை வைத்து உள்ளங்கையால் உருட்ட வேண்டும். சரக்கு நன்றாக இருந்தது. ஆனால் கடையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் காலத்துப் பத்திப் பெட்டியெல்லாம் ஒரே அச்சு: நடுவில் ஒரு சாமி படம், சுற்றிலும் பூ, வளைந்து நெளிந்த எழுத்து.

நான் டிராயிங் பரீட்சையில் லோயரும் ஹையரும் பாஸ் செய்தவள். பழைய பேப்பர் கடையில் ஒரு பிரெஞ்சுப் புத்தகம் கிடைத்தது. அட்டையில் ராக்கெட் படம், அதற்கு மேலே குழாயை ஒடித்து வைத்தாற்போல எழுத்து. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் அது இன்னும் வராத ஒரு காலத்தின் எழுத்து என்று படிக்காமலேயே தெரிந்தது. தமிழை இப்படி எழுதினால் என்ன என்று தோன்றியது. கிராஃப் தாளும் ரூலிங் பேனாவும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். தமிழ் எழுத்து முழுக்கச் சுழி. அதை ராக்கெட்டில் ஏற்றுவது லேசான வேலை இல்லை. சுழியையெல்லாம் சின்னச் சதுர ஜன்னலாக்கினேன். வளைவையெல்லாம் முனை வெட்டிய மூலையாக்கினேன். ஒவ்வொரு எழுத்தின் நடுவிலும் மெல்லிய கோடு ஒன்றை வெறுமையாக ஓடவிட்டேன். நீலத் தாளில் வெள்ளி நிறத்தில் அச்சடித்தோம். சாமி படம் கிடையாது, பத்தியின் பெயர் மட்டும். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். என் வாயால் அதைச் சொல்லிப் பல வருஷம் ஆகிறது.

"என்னாக்கா இது, கரண்ட்டு மீட்டர் பொட்டி மாதிரி இருக்குது?" என்று உருட்டுகிற பெண்கள் சிரித்தார்கள்.

சிரித்தால் சிரிக்கட்டும். கடற்கரைப் பக்கம் ஒரு சொல்தா கடை வைத்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மொதேர்ன்மா, ரொம்ப மொதேர்ன்" என்று மாடர்னைப் பிரெஞ்சாகச் சொன்னார். வெள்ளைக்காரர்கள் வாங்கினார்கள். அவர்களைப் பார்த்து நம்மவர்களும் வாங்கினார்கள். பெரிய மார்க்கெட் வரைக்கும் போனது. கடை கடையாக ஏறி இறங்கிச் சரக்கு போட்டவர் மாமாதான். அவரிடம் ஸ்கூட்டரும் இருந்தது, தேன் ஒழுகுகிற பேச்சும் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், "தட்டாஞ்சாவடில ஒரு பூஜ, எல்லாரும் வந்துடுங்க" என்று கூப்பிட்டார். என்ன பூஜை என்று சொல்லவில்லை. நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன். தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டு, அதன் கேட்டுக்கு மேலே வாசல் அகலத்துக்கு ஒரு போர்டு. நீலத்தில் வெள்ளி. என் எழுத்து, என் பத்தியின் பெயர். கீழே உரிமையாளர் என்று மாமாவின் பெயர். உள்ளே, எங்கிருந்தோ மூட்டையில் வந்திறங்கிய வெறும் கரிக்குச்சியைச் சென்ட்டு எண்ணெயில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதை அடைக்க என் பெட்டி அடுக்கடுக்காகத் தயாராக இருந்தது.

நான் போர்டைப் பார்த்தபடி நிற்பதைக் கண்டு மாமா வந்தார்.

"நீ எழுதுனது தான். பெருசா போட்டதும் எவ்ளோ அம்சமா இருக்குது பாத்தியா?"

"அப்ப நாங்க உருட்டுற பத்தி?"

"அதுக்கு வேற பேரு வச்சி வேற எழுத்துல போட்டுக்கம்மா. லேபிள என் பேர்ல பதிவு பண்ணிட்டேன். இனிமே அந்த எழுத்துல நீ பத்தி போட்டா கேஸு ஆயிடும். சொந்தக்காரங்களுக்குள்ள கேஸு எதுக்கு?"

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். "நாலு எழுத்துக்காவ நல்ல நாளும் அதுவுமா மூஞ்ச தூக்கி வச்சிக்காதடி."

நாலு எழுத்தாம்! பிரசாதம் என்று கொடுத்த சுண்டலைக் கேட்டுக்கு வெளியே வந்து காக்கைக்குப் போட்டேன். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தவன் கொடுத்தது என் தொண்டையில் இறங்குமா?

அதற்குப் பிறகு கடைக்காரர்கள் எங்களிடம் வாங்கவில்லை. "அதே பத்தியத்தான் உங்க மாமா போடுறாரே" என்றார்கள். என்னோடு உருட்டிய பெண்களில் இரண்டு பேர் எண்ணெயில் முக்குகிற வேலைக்கு அவரிடமே போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் வீட்டிலும் உலை வைக்க வேண்டும். நான் பேரில்லாத பொட்டலமாகத் தெருவில் விற்றேன். போகிற இடமெல்லாம் என் எழுத்து அவருடைய பெட்டியிலிருந்து என்னைப் பார்த்தது.

ஒரு நாள் பக்கத்துத் தெருவில் இறந்துபோன ஒருவருக்குக் கருமாதிப் பத்திரிகை வந்தது. என் வீட்டுக்காரர் வாசலில் நின்றே படித்தார். தேதியை மனதில் வாங்கிக்கொண்டு, அங்கேயே கிழித்துத் தெருவில் போட்டுவிட்டு உள்ளே வந்தார். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான். கருமாதிப் பத்திரிகை வீட்டுக்குள் வந்தால் அதன் பின்னாலேயே சாவும் வரும் என்று பயம். நான் அந்தக் கிழிசலைப் பார்த்தேன். ஊதுபத்தி போய் உட்காருகிற இடம் சாமி மாடம் என்று நினைத்தேன். உடனே எனக்கு வந்த சிரிப்பில் வீட்டுக்காரர் அரண்டுபோனார்.

தெருமுனையில் ஒரு சின்ன அச்சகம் இருந்தது. வட்டாரத்தின் கருமாதிப் பத்திரிகையெல்லாம் அங்கேதான் அடிப்பார்கள். தலைப்புக்கு வைத்திருந்த எழுத்துகள் தேய்ந்து பல்லுப் போயிருந்தன. நான் 'கருமாதிப் பத்திரிகை', 'காலமானார்', 'கண்ணீர் அஞ்சலி' என்று மூன்றையும் வரைந்தேன். அதே சதுர ஜன்னல், அதே வெட்டிய முனை, அதே நடுக்கோடு. அச்சுக்குப் பிளாக் செய்து கொண்டுபோய் அச்சகக்காரரிடம் சும்மாவே கொடுத்தேன்.

"சாவுக்குப் போயி இவ்ளோ ஸ்டைலாம்மா?" என்றார்.

"செத்தவங்களும் இந்தக் காலத்து மனுசங்க தானேண்ணா."

"உங்க மாமா எழுத்து மாதிரி இருக்குதே. கேஸு கீஸு போட்டுட்டா?"

"அவரு பதிவு பண்ணது பத்திக்கு. இதென்ன ஊதுபத்தியா?"

ஊரில் சாவுக்குப் பஞ்சமா? வெளிநாட்டிலிருந்து வந்து அப்பாவுக்குக் காரியம் செய்த பிள்ளைகளுக்கு அந்த எழுத்து மிகவும் பிடித்தது. அரியாங்குப்பத்திலும் வில்லியனூரிலும் இருந்த அச்சகங்கள் அதைப் பார்த்துத் தாங்களும் பிளாக் செய்துகொண்டன. சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி, எல்லாம் ராக்கெட் எழுத்தில். நான் ஒவ்வொரு சுவராக நின்று பார்த்துவிட்டுப் போவேன்.

பலன் தெரியக் கொஞ்ச காலம் ஆனது. ஒரு வெள்ளிக்கிழமை மளிகைக் கடையில் நான் பெருங்காயம் வாங்க நின்றேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் பத்தி கேட்டார். கடைக்காரர் நீலப் பெட்டியை நீட்டினார். அந்த அம்மாள் சுட்டுவிட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார்.

"ஐய, இது வேணாம். கருமாதி பத்திரிக மாதிரியே இருக்குது. வெள்ளிக்கெழமையும் அதுவுமா இத போயி சாமிக்கிட்ட வைக்கவா?"

எனக்குத் தீபாவளி. பெருங்காயத்தை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கடைகளிலிருந்து பெட்டிகள் திரும்பத் தொடங்கின. மாமா எழுத்தை மாற்றி, லட்சுமி படம் போட்டு, பூவும் போட்டுப் பார்த்தார். அப்படி நூறு பத்தி ஏற்கெனவே இருந்தது, அவரை யார் தேடுவார்கள்? தட்டாஞ்சாவடி போர்டு இறங்கியது. எதிரிக்குச் சகுனப்பிழை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்ட கதைதான், எனக்கும் தெரியும். அந்த எழுத்தை நானும் இனி எந்தப் பெட்டியிலும் போட முடியாது. அறுந்த மூக்கோடு நிம்மதியாகவே மூச்சு விட்டேன்.

ஒரு நாள் காலையில் மாமா என் வீட்டுக்கு வந்தார். அக்கா அனுப்பியிருக்க வேண்டும். ஸ்கூட்டர் இல்லை. கையில் மிச்சமிருந்த நீல லேபிள்கள் ஒரு கட்டு.

"இந்தாம்மா, உன் எழுத்து. பதிவையும் விட்டுடுறேன். உன்னுதுதான் அது. நீயே வச்சிக்க" என்றார்.

எத்தனை நாள் இந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன்! உன்னுதுதான். சொல்லிவிட்டு நிலைப்படியைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

"மாமா, அத உள்ள எடுத்தாராதீங்க. வெளியவே கிழிச்சி போட்டுட்டு வாங்க."

என் முகத்தைப் பார்த்தார். நான் விளையாடவில்லை என்று புரிந்துகொண்டார். கட்டு தடியாக இருந்ததால் ஒரேயடியாகக் கிழிக்க வரவில்லை. தெருவே பார்க்க, நடு வாசலில் நின்று, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கிழித்தார். கீழே விழுந்த துண்டிலெல்லாம் என் ஜன்னல்களும் என் நடுக்கோடும் கிடந்தன. அன்றைக்கு முதல் ஜன்னலை நேராக வரைவதற்குள் நான் கசக்கிப் போட்ட தாள்கள் என் கைக்கு ஞாபகம் வந்தன. போதும் மாமா என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. கடைசித் தாள் வரைக்கும் கிழிக்கவைத்தேன். அப்புறம் அவரை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு, பின்கட்டுக்குப் போய் அழுதேன். அவருக்காக இல்லை.