இருபத்து மூன்று கார்டும் ஒரு பொய்க் காய்ச்சலும்

இன்று காலை எட்டரை மணிக்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் நின்று "நான் பொய் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்!

வந்து அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். (இது இரண்டாவது கோப்பைத் தேநீர்.)

நடந்தது இதுதான்.

போன சனிக்கிழமை பேர்கனில் என் கணவருடைய அண்ணாவின் மகளுக்குச் சாமத்திய வீடு (மஞ்சள் நீராட்டு விழா). ஒஸ்லோவிலிருந்து வெள்ளி காலை ரயில் ஏறினால்தான் சரிவரும். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் எனக்கு அன்று ஓய்வு நாள். இவர் தனக்கும் லீவு கிடைத்துவிட்டது என்றார். மகள் மிதுஷாவுக்கு மட்டும் பள்ளிக்கூடம் இருந்தது.

"ஸ்கூலுக்கு என்னெண்டு எழுதுறது?" என்று இவரைக் கேட்டேன்.

"காய்ச்சல் எண்டு போடுமன். வேறென்ன?"

போட்டேன். யோசிக்கக்கூட இல்லை. ஊரில் நாங்கள் படித்த காலத்தில் லீவுக் கடிதம் என்றாலே காய்ச்சல்தான். சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் காய்ச்சல், கோயில் தேருக்கும் காய்ச்சல். வாத்தியாருக்கும் அது தெரியும். (அவரும் அதே தேருக்குத்தான் வந்திருப்பார்!)

பள்ளிக்கூட ஆப்பில் ஒரே ஒரு வரி எழுதினேன். மிதுஷாவின் ஆசிரியை சில்யாவிடமிருந்து உடனே பதில் வந்தது, இதயப் படத்தோடு. "பாவம் மிதுஷா! நன்றாக ஓய்வெடுக்கட்டும்."

அப்போதே எனக்குச் சுருக்கென்று இருந்திருக்க வேண்டும். இல்லையே! நான் சேலைக்குப் பொருத்தமான காப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நேற்றுத் திங்கட்கிழமை. பின்னேரம் மிதுஷா வீட்டுக்கு வந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே மேசைக்குப் போய் ஒரு பெரிய உறையைக் கவிழ்த்தாள்.

கார்டுகள்! இருபத்து மூன்று!

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் மொத்த வகுப்பும் உட்கார்ந்து வரைந்திருக்கிறது. "சீக்கிரம் சுகமாகி வா" என்று எல்லாவற்றிலும் எழுதியிருந்தது. எமில் என்ற பையன் வரைந்ததில் கட்டில், போர்வை, வாயில் தெர்மோமீட்டரோடு என் மகள்!

நான் சிரித்துவிட்டேன். (என் வாழ்நாளிலேயே மிகத் தப்பான இடத்தில் சிரித்த சிரிப்பு அதுதான்.)

"சிரிக்காதேங்கோ! காய்ச்சல் விட்டிட்டுதோ எண்டு எமில் கேட்டவன். நான் ஓம் எண்டு சொன்னனான். இப்ப நானும் பொய் சொல்லிப்போட்டன். எல்லாம் உங்களாலை!"

"இல்லையம்மா, அது சும்மா ஒரு..."

"நீங்கள் எனக்குச் சொல்லுறதிலை எது சும்மா, எது உண்மை எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

பத்து வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது? கார்டுகளை ஒவ்வொன்றாக உறைக்குள் திருப்பிப் போட்டேன்.

"நீங்கள் கிளாசுக்கு வந்து சொன்னாத்தான் இனி நான் ஸ்கூலுக்குப் போவன்" என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "விடும். விடிஞ்சா மறந்திடுவாள்."

மறக்கவில்லை! இன்று காலை உடுப்பு மாற்றி, பையையும் மாட்டிக்கொண்டு, கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

சில்யாவிடம் வாசலிலேயே ரகசியமாகச் சொல்லி முடித்துவிடலாம் என்பது என் திட்டம். (இங்கே ஆசிரியரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு இன்னும் நாக்குக் கூசும்.)

சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. ஆச்சரியமாகப் பார்த்தார்.

"குடும்ப விழாவா? கேட்டிருந்தால் ஒரு நாள் லீவு தந்திருப்போமே!"

கேட்டால் தருவார்களாம்! இத்தனை வருடம் நோர்வேயில் இருக்கிறேன், எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை!

சரி, தப்பித்தோம் என்று திரும்பினால் மிதுஷா ஜாக்கெட்டைப் பிடித்து இழுக்கிறாள். "அம்மா, கார்ட் கீறினது சில்யா இல்லை. கிளாஸ்."

போனேன். நின்றேன். எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் சொன்னேன். மிதுஷாவுக்குக் காய்ச்சல் இல்லை. ஒரு குடும்ப விழாவுக்குப் போனோம். நான்தான் பொய் எழுதினேன். அவள் மேல் எந்தப் பிழையும் இல்லை. எல்லாரும் மன்னிக்க வேண்டும்.

பிறகு ஒரு சின்னப் பெண் கையை உயர்த்தினாள். "அது என்ன விழா?"

ஐயோ!

முன் வரிசை முழுக்கப் பையன்கள்! இந்தப் பேச்சை என் சொந்தத் தம்பி முன்னால்கூட நான் எடுத்தது கிடையாது. வியர்த்துக் கொட்ட, "ஒரு பெண் பிள்ளை பெரியவளானால்..." என்று இழுத்தேன்.

சில்யா முகம் மலர்ந்துவிட்டது. "பருவமடைதல்! இந்த மாதம் நாங்கள் அந்தப் பாடம்தான் படிக்கிறோம்!"

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை! தெர்மோமீட்டர் கார்டு வரைந்த எமில் மட்டும் மிகவும் சீரியஸாகக் கேட்டான். "பையன்களுக்குக் குரல் உடைந்தால் என்ன விழா?"

"ஒன்றும் இல்லை" என்றேன்.

"அது அநியாயம்" என்றான். பையன்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். (உங்களிடம் பதில் இருந்தால் கீழே எழுதுங்கள்.)

மிதுஷா கதவு வரை வந்து என்னை வழியனுப்பினாள். அத்தனை பேர் பார்க்க என் கையைப் பிடித்தாள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லாச் சொன்னீங்கள் அம்மா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அப்பாவும் வெள்ளிக்கிழமை, பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு சொல்லித்தானே வேலைக்குப் போகாமல் நிண்டவர்?"

என்னது!! இந்த நாட்டில் பிள்ளைக்குச் சுகமில்லை என்று நின்றால் அந்த நாளுக்குச் சம்பளமும் உண்டு! மனுசன் என்னிடம்கூட மூச்சு விடவில்லை!

பள்ளிக்கூட வாசலில் நின்றே அவருக்குப் போன் எடுத்தேன். எடுத்தவுடனேயே சிரிப்பு.

"என்ன, பாவமன்னிப்பு முடிஞ்சுதோ? பிள்ளை என்னவாம்?"

"அடுத்தது நீங்களாம். உங்கடை மனேச்சர் எத்தினை மணிக்கு வேலைக்கு வருவார் எண்டு கேட்டு வைக்கட்டாம்."