பள்ளத்தில் பட்டாணி வேண்டாம் என்றார் அக்கா

அக்கா அவர்கள் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் வந்து கூடியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். இந்த நினைவு மலருக்குப் பிறந்த ஊரிலிருந்து தொடங்கி முறையாக எழுத வேண்டும் என்று அக்கா மகள் சொல்லியிருக்கிறாள். முயல்கிறேன். ஆனால் இந்த ஓராண்டாக ஒரு குழப்பம் என்னை விடாமல் இருக்கிறது. அது எந்த இடத்தில் வந்து நுழையும் என்று எனக்கே தெரியாது.

அக்கா பிறந்தது மொரப்பூர் அருகே, ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் ஒரு சிற்றூரில். அப்பா சீக்கிரமே காலமானதால் அக்காவின் படிப்பு பாதியில் நின்றது. அம்மாவோடு களையெடுக்கப் போய் என்னைப் படிக்க வைத்தார். நான் படித்துவிட்டு ஜவுளிக் கடையில் துணி அளக்கப் போனேன். இதற்கா அவ்வளவு பாடு என்று அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. பென்னாகரம் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனபோது மாமாவின் நிலம் பாதிக்குமேல் கல்லாகக் கிடந்ததாம். கல் பொறுக்கிப் பொறுக்கியே அதை வயலாக்கினார். கோபம் வந்தால் எதிரில் யாரும் நிற்க முடியாது. திட்டி முடித்த கையோடு சாப்பிட்டாயா என்றும் கேட்பார்.

குளிர் மாதங்களில் பட்டாணி போடுவது அக்காவுக்குப் பிடித்த வேலை. காய்த்ததும் பை பையாகக் கட்டி உறவுக்காரர் வீடுகளுக்கெல்லாம் அனுப்பிவிடுவார். இதைப் படிக்கும் உங்களில் பலர் அந்தப் பட்டாணியைத் தின்றவர்கள்தான்.

சென்ற பருவத்தில் விதைத்து முடித்த கையோடு அக்கா நோயில் விழுந்தார். தர்மபுரியில் மருத்துவமனையில் சேர்த்தோம். அக்கா மகள் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள, நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வயலுக்குப் போனேன். எந்தத் துணி சாயம் போகும் என்று தொட்டுப் பார்த்துச் சொல்வேன். செடி மஞ்சளானால் என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியாது.

பள்ளத்துப் பக்கம் செடிகளின் அடி இலைகள் மஞ்சளாயின. வெயில் ஏறினால் செடிகள் தலைதொங்கின. தாகம் என்று நினைத்து நானும் மாமாவும் தண்ணீர் பாய்ச்சினோம். இன்னும் தொங்கின, இன்னும் பாய்ச்சினோம். பக்கத்து நிலத்துக்காரர் யூரியா போடச் சொன்னார். மருந்துக் கடையில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். கண்பட்டுவிட்டது என்று மாமாவின் தங்கை பூசணிக்காய் கட்டச் சொன்னார். எல்லாவற்றையும் செய்தோம். அக்கா திரும்பி வந்து பார்க்கும்போது வயலில் பயிர் நிற்க வேண்டும், எனக்கு அது ஒன்றுதான் கவலை.

பள்ளத்தில் பயிர் வாடுவது காதில் விழுந்து, ஒருநாள் செடி ஒன்றைப் பிடுங்கி வரச் சொன்னார் அக்கா. மாமா மேட்டுப் பக்கம் போய், செழிப்பான செடியாகப் பார்த்துப் பிடுங்கி மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தார். படுத்திருப்பவளுக்கு நல்லதைத்தான் காட்ட வேண்டும் என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. அக்கா வேரில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது மேட்டுச் செடிடா. பள்ளத்துச் செடி எங்க?"

மறுநாள் பள்ளத்துச் செடியைக் கொண்டுபோனேன். அதைப் பிடுங்க வேண்டியே இருக்கவில்லை, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. வேர் பழுத்துக் கறுத்து, தோல் உருவிக்கொண்டு நார் மட்டும் மிஞ்சியது. அக்கா கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இது வேர் அழுகல் என்றார். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால்தான் வாடுகிறது, ஊற்ற ஊற்ற அழுகல்தான் கூடும் என்றார். தண்ணீரை நிறுத்தி வடிகால் வெட்டவும், செத்த செடிகளை வேரோடு எடுத்துக் கொளுத்தவும், மிச்சத்துக்கு டிரைக்கோடெர்மா என்ற, அழுகலைத் தடுக்கும் நுண்ணுயிர்ப் பொடியை மக்கிய சாணி எருவில் கலந்து போடவும் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நோவு அந்த மண்ணுலயே தங்கிக்கும். மூணு வருசத்துக்குப் பள்ளத்துல ராகி போடு. என்ன ஆனாலும் சரி, ஒத்தப் பட்டாணி அங்க வுழக் கூடாது."

மேட்டுப் பயிர் தப்பியது. அது பூப்பதற்குள் அக்கா போய்விட்டார்.

மாமாவின் தாய் தந்தையரை அடக்கம் செய்த இடம் பள்ளத்து ஓரம்தான். அக்காவையும் அங்கேயே அடக்கம் செய்தோம். பால் தெளிக்கும் அன்று, மேலே தூவ நவதானியத் தட்டைக் கொண்டுவந்தார் மாமாவின் தங்கை. அக்கா விதைக்கென்று பானையில் வைத்திருந்த பட்டாணியிலிருந்து ஒரு கை அள்ளி அதில் கலந்திருந்தார்.

"அண்ணி போட்ட பட்டாணி, அண்ணி மேலயே மொளைக்கட்டும்ங்க" என்று அழுதார்.

அழாதவர் யாருமில்லை. நான் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா சொன்னது பயிருக்கா, இதற்கும் சேர்த்தா? என்ன ஆனாலும் என்று சொன்னாரே, இதை நினைத்துத்தான் சொன்னாரா?

"இருங்க. பட்டாணி வேணாம்" என்றேன்.

தட்டை வாங்கிக் கீழே வைத்துப் பட்டாணியைப் பொறுக்கத் தொடங்கினேன். இவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. மாமாவின் தங்கை என்னிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். மாமா என் எதிரில் உட்கார்ந்து அவரும் பொறுக்கினார். வீட்டிலிருந்து ஒரு கை ராகி வரவழைத்துத் தட்டில் சேர்த்தார். நன்றாகத்தான் முளைத்தது.

நான் செய்தது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு கைப் பட்டாணியால் என்ன ஆகிவிடும் என்று சில நாள் தோன்றுகிறது. அக்கா இருந்திருந்தால் திட்டியிருப்பார், எதற்காக என்பதுதான் தெரியவில்லை. அந்தத் திட்டு கேட்காமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது.

அக்காவைத் தன் தாயைப்போல் கவனித்துக்கொண்ட செவிலியருக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் ஆட்டோ கொண்டுவந்த தம்பிக்கும், கேட்காமலே ஏர் ஓட்டித் தந்த பக்கத்து நிலத்துக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடக்கமான இடத்தைக் கும்பிட வருகிறவர்கள் மேட்டு வழியாகவே வாருங்கள். திரும்பும்போது வரப்பின் முனையில் வாளியில் தண்ணீர் இருக்கும், காலில் ஒட்டிய பள்ளத்து மண்ணைக் கழுவிவிட்டு மேட்டில் ஏறுங்கள்.

மாமாவின் தங்கைக்கும் ஒரு வார்த்தை. அன்று பொறுக்கிய பட்டாணியை நான் வீசிவிடவில்லை, அக்காவின் பானையிலேயே போட்டு வைத்திருக்கிறேன். அதிலிருந்து இந்தப் பருவத்தில் மேட்டில் விதைத்திருக்கிறோம், இனி ஆண்டுதோறும் புது விதை எடுத்து வைப்போம். மூன்றாம் ஆண்டு நினைவு நாளுக்கு வாருங்கள். உங்கள் கையாலேயே அக்கா மேல் தூவுங்கள். தண்ணீர் நான் ஊற்றுகிறேன், கொஞ்சமாக.