வெல்லாவெளிக் கோலில் நின்ற எங்கள் தர்சன்

கடந்த ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பெரியகல்லாற்றிலிருந்து வெல்லாவெளிக்குப் போய் வந்தேன். இடம் பார்க்கப் போகவில்லை. எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்கு எட்டு வருடம் கோல் காத்த தர்சன், முதல் தடவையாக எங்களுக்கு எதிராக விளையாடவிருந்தான். கலியாணம் முடித்தால் ஆண்கள் பெண்வீட்டு ஊருக்குப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். தர்சன் வெல்லாவெளியில் முடித்து இரண்டு வருடமாகிறது. அந்த ஊர் அணியில் சேராமல் வேறென்ன செய்வான் என்று எல்லோரும் நியாயம் சொன்னோம். ஆனாலும் போட்டி என்று தெரிந்த நாளிலிருந்து யாருக்கும் அது சரியாகச் செமிக்கவில்லை.

மதியம் ஒன்றரைக்கு நானும் நண்பன் உதயனும் என் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். குருமண்வெளித் துறைக்கு எட்டுக் கிலோமீட்டர். அங்கிருந்து வாவியைக் கடந்து மண்டூருக்குப் போக இயந்திரம் பூட்டிய மிதவை ஓடுகிறது. ‘பாதை’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சைக்கிளோடு இருவருக்கும் நூறு ரூபாய் கொடுத்தோம். கடக்கப் பத்து நிமிடம். வெயிலுக்கு மறைப்பில்லை, தொப்பி கொண்டுபோங்கள்.

அன்று பாதையில் பாதிப் பேர் எங்கள் ஊர்க்காரர். ஒருவர் தர்சனைத் துரோகி என்றார். கரை வருவதற்குள் அவரே, அவனுக்கு அடிகிடி படாமல் ஆட்டம் முடிய வேண்டும் என்றும் சொன்னார். மண்டூரிலிருந்து மைதானம் ஒன்பது கிலோமீட்டர். வெட்டு முடிந்த வயல்களுக்கு நடுவே நல்ல தார் வீதி.

மூன்றரைக்கு ஆட்டம் தொடங்கியது. முதல் பாதியில் எங்கள் பையன் ஒருவன் தலையால் முட்டிய பந்தைத் தர்சன் பாய்ந்து தட்டிவிட்டான். எங்கள் பக்கத்தில் பத்துப் பேராவது பழக்கத்தில் கைதட்டிவிட்டு, உடனே கையைக் கீழே போட்டார்கள்.

அவனுடைய இடது முழங்காலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நாலு வருடத்துக்கு முன் ஓர் இறுதிப் போட்டியில், கடைசி நிமிடத்தில் எதிராளியின் காலடியில் விழுந்து பந்தைப் பிடித்தான். கிண்ணம் எங்களுக்கு, முறிவு அவனுக்கு. ஆறு மாதம் வீட்டில் கிடந்தான். திரும்பி வந்தபோது இடப்பக்கம் பாய அவனுக்குப் பயமிருந்தது. அதற்குள் எங்களுக்குப் புதுக் கோல்காப்பாளர் கிடைத்துவிட்டார். தர்சன் மாற்று ஆட்டக்காரருக்கான வாங்கில் உட்கார்ந்திருந்தான்.

இரண்டாம் பாதியில் அவன் நின்ற கோலுக்குப் பின்னால் நாங்கள் நின்றோம். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்க, எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. மைதானம் முழுக்க அமைதி. பந்தடிக்க எங்கள் ஆள் பின்வாங்கும்போது நான் கத்தினேன்.

“உன்ட வலப்பக்கம் அடி. அவன்ட இடக்கால் ஏலாது.”

அவன் அப்படியே அடித்தான். தர்சன் இடப்பக்கம் பாய்ந்தான், ஆனால் பிந்திவிட்டான். பந்து வலைக்குள் போனது. அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தான். எங்கள் ஆட்களில் சிலர் துள்ளினார்கள், பலர் துள்ளவில்லை. உதயன் என்னைத் திரும்பிப் பார்த்து, “ஏன்டாப்பா அதைச் சொன்ன நீ?” என்றான்.

ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றோம். தர்சன் நொண்டிக்கொண்டே எங்களிடம் வந்து கைகொடுத்தான். வீடு அரைக் கிலோமீட்டர்தான், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்று கூப்பிட்டான். ஐந்து பேர் போனோம். அவன் மனைவி வதனி தேத்தண்ணி கொண்டுவந்தாள். கோப்பையை என் கையில் தந்தபடி கேட்டாள்.

“அவர்ர காலைப் பத்தித் தெரிஞ்ச ஆரோதான் கத்தினாங்களாம். ஆரெண்டு தெரியுமா அண்ணன்?”

நான் வாயெடுக்குமுன் தர்சன் முந்திக்கொண்டான். நிறையப் பேர் கத்தினார்கள், தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றான். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். சூடு கூடத் தெரியவில்லை.

வாசல் படலையடியில் இருவரும் தனியாக நின்றபோது, “தர்சன், நான்தான்” என்றேன்.

“தெரியும் அண்ணன். எட்டு வருசம் எனக்குப் பின்னால நிண்டு கத்தின குரல்தானே. மெட்ச் எண்டா கத்துறதுதான், அதில எனக்குக் கோவமில்ல.” பிறகு சொன்னான்: “ஆறு மாசம் வீட்டில கிடந்தன். அப்ப ஒருக்காவும் அந்தக் குரல் கேக்கல்ல.”

அவன் அப்போது கிடந்த வீடு என் வீட்டிலிருந்து மூன்றாவது ஒழுங்கையில்தான். உதயன் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணியிருந்தான். நான் திரும்பி உள்ளே போய், கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்த வதனியிடம், கத்தியது நான் என்று சொன்னேன். கடைசிக் கோப்பையையும் எடுத்த பிறகு, “இருட்ட முதல் போய்ச் சேருங்க அண்ணன்” என்றாள். குரலில் கோபமா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அப்போது மணி ஆறு தாண்டியிருந்தது, மண்டூர்ப் பாதை நின்றிருக்கும். பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி இருபத்திரண்டு கிலோமீட்டர் ஓடி வீடு வந்தோம். வென்ற அணியின் ஆட்கள் என்று எங்களைப் பார்த்து யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்படியொரு போட்டிக்கு நீங்களும் போவதாக இருந்தால், போகும்போது பாதையில் போங்கள், வாவி அழகாயிருக்கும். திரும்பி வரக் கடைசிப் பாதையை நம்பித் திட்டமிட வேண்டாம். பழைய ஆட்டக்காரனிடம் பேச வேண்டியது ஆட்டம் முடிந்த பிறகுதான் தொடங்கும், அதற்கு நேரம் வேண்டும்.