எந்த வருஷத்துச் சேதி?

இந்த நாட்டில் காலையில் என்னிடம் முதலில் பேசுவது மனிதக் குரல் அல்ல. என் மனைவி ஃப்ளோரா விடியுமுன்பே பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்குக் கிளம்பிவிடுகிறாள். மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் காற்றுக்குச் சொல்வதுபோல 'போன்ழூர்' என்று ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். நின்று ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து ஹெட்போனை மாட்டியதும் உள்ளே இருக்கும் பெண்குரல் 'நோன் லு' என்கிறது. படிக்காதவை இருக்கின்றன என்று அர்த்தம். நான் தூங்கிக்கொண்டிருந்தபோது ஊரில் ஏதோ நடந்து, வரிசை கட்டி நிற்கிறது என்று தோன்றும்.

எனக்குக் கண் தெரியாது. எட்டாவது படிக்கும்போது கரும்பலகை மங்கியது, அத்தோடு பள்ளிக்கூடம் நின்றது. ஃப்ளோராவின் அப்பாவுக்குப் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷனும் இந்த நாட்டுக் குடியுரிமையும் இருந்தன. அவளைக் கட்டிக்கொண்டு பாரிசுக்கு வெளியே இந்த அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தேன். கண் தெரியாதவர்களுக்கு இங்கே பயிற்சி மையம் உண்டு. அங்கேதான் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிற மென்பொருளைப் பழகினேன். செய்திகளைத் தேடி ஒவ்வொரு தளமாகப் போகவேண்டாம், எல்லாத் தளங்களின் தலைப்புகளையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து கொட்டுகிற செயலி உண்டு என்பதையும் அங்கேதான் அறிந்தேன். தமிழ்ப் பத்திரிகைகளின் தளங்களை என் குரல்காரியால் படிக்க முடியவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்துரு. அவள் வாயில் வெறும் கிறுக்கல்தான் வந்தது. நம்மூர்க்காரர் ஒருவர் புதுச்சேரிச் செய்திகளைப் பிரெஞ்சில் எழுதி ஒரு தளம் நடத்தினார். அதுதான் எனக்கு ஊர்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருந்தவரை செய்தி எனக்கு ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. அப்பாவின் சைக்கிள் கடையில் நான் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பேன். பக்கத்து டீக்கடை சேகர் அண்ணன் பேப்பரை உரக்கப் படிப்பார், கடையில் இருக்கிற அத்தனை பேருக்கும் சேர்த்து. நடுவில் பால் பொங்கினால் நிறுத்துவார். "இரு அந்தோணி, இது நேத்துப் பேப்பர்டா, எவனோ மாத்தி வச்சிட்டான்" என்று சொல்லி வேறு எடுப்பார். அந்த ஒரு வாக்கியத்தின் அருமை எனக்கு அப்போது தெரியவில்லை.

மையத்தில் என் ஆசிரியை எடுத்துக்கொடுத்த செயலியைத்தான் முதலில் வைத்திருந்தேன். 'த்ரே ழோலி' என்றார் அந்த மதாம். ரொம்ப அழகாம். நானும் தலையாட்டினேன். அழகை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று கேட்க, என் பிரெஞ்சுக்கு அன்று தைரியம் வரவில்லை.

ஒரு நாள் காலையில் அந்தச் செயலி புதுத் தலைப்பு ஒன்றைப் படித்தது. வடக்குக் கடற்கரையில் கடல் உள்ளே வருகிறது, முத்தியால்பேட்டைக் குப்பத்து மக்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். அப்பா போன பிறகு அம்மா அங்கே தனியாக இருக்கிறாள். போன் கார்டின் எண்களை ஃப்ளோரா சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்திருந்தேன். அதுவே பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து அழுத்தினேன்.

"அம்மா, கடல் வருதும்மா! உடனே கெளம்பு!"

"இன்னாடா உளர்ற? வெயில் மண்டையப் பொளக்குது. இப்பதான் மாடியில வடாம் காயப் போட்டுட்டு வரேன்."

"அன்னைக்கு மட்டும் மழை பேஞ்சா கடல் வந்துச்சு? நல்ல வெயில்லதானம்மா வந்துச்சு!"

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையை எங்கள் தெருவில் யாரும் மறக்கவில்லை. தொலைபேசியை அப்படியே தொங்கவிட்டு அவள் தெருவைக் கூப்பிடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு கதவுகள், பாத்திரங்கள், பிள்ளைகளின் அழுகை. கடலை விட்டுத் தள்ளியிருக்கும் மூலக்குளத்திலிருந்து அக்கா வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்து அம்மாவை ஏற்றிப்போனார்.

அன்று சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். "அந்தோணி, அது போன வருஷத்துச் சேதியாம்டா! கடல் அதுபாட்டுக்குக் கெடக்கு. கரையில வலை பின்னிக்கிட்டு இருந்தவங்க நம்ம ஜனத்தப் பாத்துச் சிரிச்சிருக்காங்க. சேகர் அண்ணன் அடுப்பக்கூட அணைக்காம ஓடினாராம், அவ்ளோ பாலும் பொங்கி ஊத்திடுச்சு. தெருவுல உனக்கு இன்னா பேரு தெரியுமா? பாரிஸ் சுனாமி."

நடந்தது இதுதான். தளம் நடத்தியவர் அதை வேறு இணைய முகவரிக்கு மாற்றியிருக்கிறார். மாற்றியதும் பழைய செய்திகள் அத்தனையும் புதுசுபோல என் செயலியில் மறுபடி வந்து விழுந்தன. கண் இருக்கிறவர் பக்கத்தில் இருக்கும் தேதியைப் பார்த்து 'பழசு' என்று தள்ளிவிடுவார். என் குரல்காரி தேதியைப் படிக்கவே இல்லை.

மறுநாள் மையத்துக்குப் போய் மதாமிடம் தேதி வேண்டும் என்றேன். "இருக்கிறதே, வலது பக்கத்தில், சாம்பல் நிறத்தில்" என்றார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் அன்பாக எழுத்தைப் பெரிதாக்கினார். இன்னும் தெரியவில்லை என்றேன். இன்னும் பெரிதாக்கினார். இத்தனை வருஷம் கண் தெரியாதவர்களோடு வேலை செய்கிறவர். திரையில் பெரிதாக இருப்பதெல்லாம் காதுக்கும் வரும் என்று நம்பியிருந்தார்.

எனக்கு அந்தக் கேலிப் பெயர் வலிக்கவில்லை. வேறொன்றுதான் தூக்கத்தைக் கெடுத்தது. நாளைக்கு நிஜமாகவே தண்ணீர் வந்தால்? நான் கூப்பிடுவேன். அம்மா நகரமாட்டாள். அக்கா வேறு, "இனிமே நீ சேதி படிக்கவே வேணாம், சும்மா போன் பண்ணி நல்லா இருக்கியான்னு கேளு, போதும்" என்று சொல்லிவிட்டாள். படிக்காமல் எப்படி இருப்பது? படித்தாலும் பயம், படிக்காவிட்டால் அதைவிடப் பயம்.

ஆகவே நம்பகமான செயலி ஒன்றைத் தேடினேன். என்னைப்போல் கண் தெரியாமல் வெளிநாட்டில் கிடக்கிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். ஒன்று, இணையப் பக்கத்துக்குள்ளேயே ஓடுவது. நான் பாதி வாசிக்கும்போது தானாகப் புதுப்பித்துக்கொண்டு என்னை மறுபடி உச்சியில் கொண்டுபோய் விடும். இன்னொன்றில் எல்லாமே படங்கள்; பெயர் கிடையாது. 'புத்தோன், புத்தோன், புத்தோன்' என்று குரல்காரி பொத்தான்களை எண்ணிக்கொண்டே போவாள், எது எதற்கு என்று சொல்லமாட்டாள். மற்றொன்று தலைப்பை அழகாகப் படிக்கும். செய்திக்குள் போனால் வெளியே வர வழி இருக்காது, மவுஸ் வேண்டும். கடைசியில் ஒன்று கிடைத்தது. வெறும் பட்டியல். அம்புக்குறி விசையால் இறங்கலாம், ஏறலாம். எந்தத் தகவலை முதலில் சொல்லவேண்டும் என்று நாமே வரிசை மாற்றலாம். நான் தேதியை முன்னால் வைத்தேன். வேண்டுமென்றே பழைய செய்திகளை அதற்குக் கொடுத்து, வயசை மறைக்கிறதா என்று நாள்கணக்கில் சோதித்தேன்.

ஃப்ளோரா எட்டிப் பார்த்துவிட்டு, "கருமம், கரண்ட் ஆபீஸ் பில்லு மாதிரி இருக்கு" என்றாள். அப்படியானால் சரியானதைத்தான் பிடித்திருக்கிறேன் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

அடுத்த கார்த்திகையில் ஒரு காலை. ஹெட்போனில் குரல்காரி 'ஓழூர்துய்' என்றாள். இன்று. பிறகு மணி. பிறகுதான் தலைப்பு: புயல் சின்னம், கரையோரத் தெருக்களில் இருப்பவர்கள் வெளியேறவேண்டும். கீழே போய் மறுபடி மேலே வந்தேன். 'ஓழூர்துய்.' செய்தியைத் திறந்து மூடித் திரும்பவும் கேட்டேன். 'ஓழூர்துய்.' அப்படியும் போனை எடுக்க எனக்குக் கை வரவில்லை. இன்னொரு முறை தப்பானால் என் வார்த்தைக்கு அந்தத் தெருவில் இடமே இல்லை. பேசாமல் இருந்து, அது நிஜமாகிவிட்டால்?

கூப்பிட்டேன். நான் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"எந்த வருஷத்துச் சேதிடா?"

"இன்னைக்குதாம்மா. இன்னைக்குக் காலைலதான். அவளே தேதியத்தான் முதல்ல சொன்னா."

"எவடா அவ?"

"மெஷின்ல இருக்கிறவம்மா."

"ஃப்ளோராவுக்குத் தெரியுமா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காத்திருந்தேன். அவள் தெருப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்: "சேகரு! இந்தத் தடவ பால எறக்கி வச்சிட்டு வா!"

மழை அன்று மதியமே பிடித்துக்கொண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர் என்று சேகர் அண்ணன் சொல்லி அனுப்பினாராம். அம்மா மூலக்குளத்தில், அக்கா வீட்டு மாடியில் பத்திரமாக இருந்தாள். சாயங்காலம் அக்காவின் செல்போனில் பேசியபோது, "இன்னும் பயமாடா? இந்தா, நீயே கேளு" என்று அம்மா அதை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டாள். தகரக் கூரையில் மழை விழும் சத்தம் என் இடது காதில் கொட்டியது. வலது காதில் ஹெட்போன். அதில் குரல்காரி தேதி தேதியாக, அவசரமே இல்லாமல், புதுச்சேரியைப் பிரெஞ்சில் படித்துக்கொண்டிருந்தாள். எழுந்து என் ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று, காய்ந்து இருந்தது. இரண்டு காதிலிருந்தும் எதையும் எடுக்காமல், கையைக் கண்ணாடியிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.