லெட்சுமியின் அன்னக்கரை

இன்று மத்தியானம் தோட்டத்திலிருந்து காஹாங் டவுனுக்குப் போய், துணிக்கடையில் அரக்குச் சேலை ஒன்று எடுத்தேன். பச்சைக் கரை, அதில் வரிசையாக அன்னங்கள்.

"யாருக்கும்மா கல்யாணம்?" என்றார் கடைக்கார ராவுத்தர், சிரித்தபடி.

"கோடி போடணும் ராவுத்தரே. பக்கத்து வீட்டு லெட்சுமிக்கு. காய்ச்சல், காலையில போயிட்டா. பொறந்த வீட்டுக்காரங்க ஊர்லேருந்து கப்பலேறி வர முடியுமா? அதான் நான் போடுறேன்."

அவர் சிரிப்பு நின்றது. "இதைத்தானே மாசாமாசம் விரிக்கச் சொல்லிப் பாப்பாங்க" என்றார்.

ஆமாம், வாங்குவதற்கல்ல. கரையை விரலால் தடவித் தடவி மனத்தில் ஏற்றிக்கொள்வாள். மறுநாள் ரப்பர்க் காட்டுக்குப் பால்மரம் வெட்டப் போகுமுன் லயத்து வீட்டு வாசலில் அதையே கோலமாகப் போட்டுவிடுவாள். வேறு சேலைகளின் கொடியும் மாங்காயும் அப்படி வந்தவைதான். அன்னத்தின் கழுத்து மட்டும் அவளுக்கு வளையவே இல்லை.

போன வாரம்கூட, "என்னடி, வாசல்ல வாத்து மேயுது?" என்று கேலி செய்தேன். சிரித்துக்கொண்டே கையால் அழித்துவிட்டாள்.

சாயங்காலம் அந்தச் சேலை அவளோடு போய்விட்டது.

திரும்பி வந்து குளித்ததும் மாவை எடுத்தேன். மறந்துவிடுமுன் என் வாசலில் அந்தக் கரையைப் போட்டேன். எனக்கும் வாத்துதான் வந்தது.

"சாவு விழுந்த லயத்துல கோலமா? புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு?" என்று எதிர் வீட்டு அக்கா தண்ணீர் வாளியோடு நிற்கிறார்.

அன்னத்தின் கழுத்து எப்படி வளையும் என்று தெரிந்தவர்கள், அவர் ஊற்றுவதற்குள் சொல்லுங்கள்.