கன்னத்தில் நாலு விரல்

போன வாரம் மகளை அருப்புக்கோட்டையில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தேன். வெயிலுக்குப் பூச ஒரு டியூப் கொடுத்தார். எல்லாம் செடிகொடியில் செய்ததாம், மேலே கற்றாழைப் படம். மூடியைத் திறந்தால் கற்றாழையைக் கீறினால் வருமே, அதே பச்சைக் கசப்பு வாடை. "வீட்லயே செஞ்சு பூசுறேன்னு எலுமிச்சம்பழத்தத் தேச்சிட்டு வெயில்ல போயிறாதம்மா. சாறு பட்ட எடம் வெந்து, வெரல் வெரலாக் கறுத்துரும்" என்றார். டியூபை மூடிப் பைக்குள் போட்டேன். என் சின்ன வயசுக் கூட்டாளி பேச்சியைப் பற்றி மகளிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன்.

எம்.ரெட்டியபட்டியில் நானும் பேச்சியும் ஒன்றாகத்தான் பருத்தி எடுக்கப் போவோம். தாவணிக்கு மேல் அண்ணனுடைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. எங்களுக்குத் தெரிந்த க்ரீம் அதுதான். என் நிறத்துக்கு அதுவே அதிகம். பேச்சி மாநிறம். பாலவனத்தத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். அவரை ஒரே ஒரு தடவை பார்த்தவள், மூச்சுக்கு மூச்சு "அவுக, அவுக" என்பாள். நிச்சயத்துக்குள் முகம் கறுத்துவிடக் கூடாதென்று வரப்பில் உட்கார்ந்து கற்றாழையைக் கீறி, அந்தச் சோற்றில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கன்னத்தில் இழுவிக்கொண்டாள்.

"துண்டக் கட்டலையாடி?"

"கட்டுனா எல்லாம் துண்டுல ஒட்டிக்கிரும். இதுவே வெயிலத் தாங்கும், நீ வா."

இரண்டு நாளில் கன்னம் கொப்பளித்தது. அது வற்றியதும் காதோரத்திலிருந்து வாய் வரை நாலு விரல் கறுப்பாகப் பதிந்து நின்றது. யாரோ ஓங்கி அறைந்த மாதிரி. அந்தப் பருத்திக் காட்டு வேம்படியில் முனியசாமி கல் உண்டு. உச்சி வேளையில் அந்தப் பக்கம் போகும் பெண்களை முனி அறைந்துவிடும் என்பது ஊருக்கே தெரியும். நானும் அதற்கப்புறம் வேம்பைத் தாண்டும்போதெல்லாம் இரண்டு கன்னத்தையும் பொத்திக்கொண்டு ஓடினேன். சிரிக்காதீர்கள்.

முனியை இறக்கக் கோடாங்கி வந்தார். சேவல் அறுத்தார்கள். ஒருநாள் பேச்சி, திருநீறு பூசிய கன்னத்தில் தன் கையை வைத்துப் பார்த்தாள். "ஏத்தா, இது ஏங் கை மாதிரியே இருக்கு" என்றாள். அவள் அம்மா வெடுக்கென்று கையைத் தட்டிவிட்டாள்.

"அதும்மேல கை வைக்காதடி. முனியய்யா கோவிச்சுக்குவாரு."

பாலவனத்தத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். "முனி தொட்ட புள்ள எங்களுக்கு வேணாங்க" என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார். சில மாதங்களில் தடம் மங்கி மறைந்தது, பேச்சு மறையவில்லை. காரியாபட்டிப் பக்கம் ஒருவருக்கு ரெண்டாந்தாரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். முதல் பிரசவத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். முனி விடவில்லை பார், என்றது ஊர். நானும் இத்தனை காலம் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

டாக்டரைப் பார்த்த மறுநாளே அந்தக் காட்டுக்குப் போனேன். பருத்தி இல்லை. வேம்பு இல்லை, கல்லும் இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் சோலார் தகடுகள் வெயிலைப் பார்த்துக் கிடந்தன. உச்சி வேளைதான். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும், "ஒங் கைதான் பேச்சி" என்று சத்தமாகச் சொன்னேன்.

கேட்க முனிகூட அங்கே இல்லை.